ஹார்ட்விக் ஹால்: அத்தனை கண்ணாடியையும் தாங்கி நிற்பது எது?

கற்றளி எழுதியது:

இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் ஹாலைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அதைக் கட்டுவித்த பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்னும் ஷ்ரூஸ்பரி சீமாட்டியின் நான்கு திருமணங்களும் அவற்றால் பெருகிய செல்வமும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. அவை சுவையான செய்திகள்தாம். ஆனால் மாளிகையின் கட்டுமானம் அவற்றைவிடச் சுவையானது என்று நான் உறுதியாக நம்புவதால், இந்த இழையைக் கட்டடத்துக்காகவே தொடங்குகிறேன்.

1590ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கடைக்கால் போடப்பட்டது. அந்த நவம்பரில் பெஸ்ஸின் நான்காம் கணவரான ஆறாம் ஷ்ரூஸ்பரி பிரபு இறந்தார். 1597 அக்டோபரில் பெஸ் புதிய மாளிகைக்குக் குடிவந்தார். ஏறத்தாழ ஏழே ஆண்டுகளில், குன்றின் விளிம்பில், மேற்கு நோக்கிய முகப்புடன், ஆறு கோபுரங்களோடு ஒரு மாளிகை எழுந்துவிட்டது. "ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடியே அதிகம்" என்ற பொருளில் மக்கள் சொல்லி வந்த சிறு பாட்டு இன்றும் வழக்கில் இருக்கிறது. மேற்கு முகப்பைப் பார்த்தவர் எவரும் அது மிகை என்று சொல்ல மாட்டார்.

கண்ணாடி அக்காலத்தில் விலை மிகுந்த பொருள் என்பதால், அந்தச் சாளரங்களைச் செல்வச் செருக்கின் அடையாளமாக மட்டும் விளக்கிவிட்டு நகர்வது வழக்கமாக இருக்கிறது. என் கருத்து வேறு. பணம் இருந்தால் கண்ணாடி வாங்கலாம். பணத்தைக் கொண்டு மட்டும் சுவரில் அத்தனை பெரிய திறப்புகளை விட்டுவிட முடியாது. அன்றைய ஆங்கில வீடுகளில் கணப்புகளும் புகைபோக்கிகளும் பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டியே எழுப்பப்பட்டன. ஒவ்வொரு புகைபோக்கியும் வெளிச்சுவரின் ஒரு பகுதியை விழுங்கியது. அங்கே சாளரம் வைக்க இடமில்லாமல் போயிற்று. ஹார்ட்விக்கில் புகைபோக்கிகள் கட்டடத்தின் உள்சுவர்களுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டன. கனமான, துளை குறைந்த, பாரம் தாங்கும் கற்சுவர் வீட்டின் நடுவே சென்றுவிட்டதால் வெளிச்சுவர் விடுதலை பெற்றது. நாம் வெளியிலிருந்து வியக்கும் ஒளி மாளிகைக்குக் காரணம், வெளியிலிருந்து பார்க்கவே முடியாத அந்த உள்சுவர்தான்.

கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் இதை ஏற்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

நெடுவிட்டம் எழுதியது:

பெருமளவுக்கு ஏற்கிறேன், ஆனால் உள்சுவர் ஒன்றையே காரணமாகச் சொல்வது போதாது. தாங்குசுவர்க் கட்டடங்களில் பணியாற்றுபவன் என்ற முறையில் இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, சாளரங்களின் அமைப்பு. அவை வெறும் பெரிய ஓட்டைகள் அல்ல. நின்ற கல் சட்டங்களும் கிடந்த கல் சட்டங்களும் ஒவ்வொரு திறப்பையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே இருக்கும் கல், ஒரு முழம் இரண்டு முழம் அகலத்தைத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது. கல்லுக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலிமை மிகுதி. வளைவைத் தாங்கும் வலிமை மிகக் குறைவு. ஆகவே நீளமான ஒற்றை உத்தரக்கல் விரிசல் விடக்கூடிய இடத்தில், அடுக்கடுக்கான குட்டைக் கற்கள் பாதுகாப்பாக நிற்கின்றன. அந்தக் கட்டங்களுக்குள் ஈயப் பட்டைகளால் இணைத்த சிறு கண்ணாடிச் சில்லுகள் பொருத்தப்பட்டுள்ளன. அன்று பெரிய பலகைக் கண்ணாடி கிடைக்கவில்லை என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

இரண்டாவது, கோபுரங்கள். நீண்ட பக்கங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு, குறுகிய முனைகளில் ஒவ்வொன்று என ஆறு கோபுரங்கள் வெளியே துருத்தி நிற்கின்றன. நீளமான மெல்லிய சுவர் ஒன்று தனியே நின்றால் பக்கவாட்டில் தளரும். அதையே இடையிடையே மடித்துப் பெட்டி பெட்டியாக முன்தள்ளினால் ஒவ்வொரு மடிப்பும் சுவருக்கு முட்டுக்கொடுக்கிறது. பிறர் அலங்காரமாகக் காணும் கோபுரங்களை நான் முட்டுச்சுவர்களாகவே காண்கிறேன்.

இன்னொரு கேள்வி. முகப்பில் தெரியும் சாளரங்களில் சில போலி என்று படித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறதாம். இங்கிலாந்தில் சாளர வரி இருந்தது அல்லவா? அதற்கு அஞ்சி அடைத்துவிட்டார்களா?

கற்றளி எழுதியது:

கோபுரங்களைப் பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி. அவற்றை நான் உருவ அழகுக்காக மட்டுமே எண்ணியிருந்தேன்.

சாளர வரிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அந்த வரி இங்கிலாந்தில் 1696ஆம் ஆண்டில்தான் விதிக்கப்பட்டது; அப்போது ஹார்ட்விக் கட்டி முடித்து நூறாண்டு ஆகியிருந்தது. மேலும், வரிக்காக அடைக்கப்பட்ட சாளரங்களில் கண்ணாடி இருக்காது. கல்லையோ செங்கல்லையோ வைத்து மூடியிருப்பார்கள். ஹார்ட்விக்கில் வெளியே கண்ணாடி முழுமையாக இருக்கிறது, உள்ளேதான் ஒன்றுமில்லை.

காரணம் சமச்சீர்மை. இடப்பக்கம் ஒரு சாளரம் இருந்தால் வலப்பக்கமும் அதே உயரத்தில், அதே அகலத்தில் ஒன்று இருந்தாக வேண்டும். ஆனால் உள்ளே அறைகள் அப்படிச் சமமாகப் பிரியவில்லை. சமையலறைப் பகுதிக்கு ஒரு தளம் போதாமல் நடுவே தாழ்வான இடைத்தளம் போட வேண்டியிருக்கும். அதே உயரத்தில் மறுபக்கம் ஒரே அறையாக இருக்கும். அவ்வாறான இடங்களில் ஒரே சாளரத்துக்குப் பின்னால் இரண்டு தளங்கள் ஒளிந்திருக்கின்றன. வேறு சில இடங்களில் புகைபோக்கியே சாளரத்துக்குப் பின்னால் செல்கிறது. வெளித்தோற்றம் ஓர் ஒழுங்கைச் சொல்கிறது; உள்ளமைப்பு தன் தேவைக்கேற்ப வளைந்து நெளிந்து அந்த ஒழுங்குக்குள் அடங்கிக்கொள்கிறது.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கட்டடத்தின் முகம் அதன் உள்ளத்தைக் காட்ட வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் கொள்கை. பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடத்தை அந்தக் கொள்கையால் அளப்பது முறையாகாது.

மேல்மாடம் எழுதியது:

இந்த உரையாடலில் விடுபட்டிருக்கும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நாட்டிங்ஹாமில் வசிப்பதால் ஹார்ட்விக்குக்கு அவ்வப்போது செல்வதுண்டு. உள்ளே ஏறிச் செல்லும்போதுதான் அந்த மாளிகை புரிகிறது.

மூன்று தளங்கள் இருக்கின்றன. தரைத்தளம் தாழ்வானது, பணியாளர்களுக்கும் சமையலுக்கும் உரியது. முதல் மாடி சற்று உயர்ந்தது. பெஸ்ஸும் குடும்பத்தாரும் அன்றாடம் புழங்கிய அறைகள் அங்கே இருந்தன. இரண்டாம் மாடிதான் எல்லாவற்றிலும் உயரமானது. அரசியே வந்தால் வரவேற்கத் தக்க பெருங்கூடங்கள் அங்கே இருக்கின்றன. தரைத்தளச் சாளரங்கள் சிறியவை, அதற்கு மேலுள்ளவை பெரியவை, உச்சியில் இருப்பவை மிகப் பெரியவை. எனவே வெளியே நிற்பவர், வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே, மதிப்புக்குரியவர்கள் எங்கே அமர்கிறார்கள் என்பதைச் சாளரத்தின் உயரத்தைக் கொண்டே கண்டுகொள்ளலாம்.

அந்த உச்சிக்கு இட்டுச்செல்லும் கற்படிக்கட்டும் தனிச்சிறப்புடையது. அது ஒரு கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதில்லை. அகன்ற, ஏறுவதற்கு எளிய படிகள், இடையிடையே நின்று, திரும்பி, மாளிகையின் உடலுக்குள்ளேயே நீண்டு செல்கின்றன. இருண்ட கல்வழியில் நெடுநேரம் ஏறிவந்த ஒருவர், படிக்கட்டின் முடிவில் உயர்பெருங்கூடத்தின் கதவைத் தாண்டியதும் ஒளிவெள்ளத்தில் நிற்பார். இதைத் திட்டமிட்டே செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தக் கூடத்தின் சுவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் கிரேக்கக் காவிய வீரன் யுலிசஸின் கதையைச் சொல்லும் பிரஸ்ஸல்ஸ் நெய்சித்திரத் திரைகள் தொங்குகின்றன. 1587ஆம் ஆண்டிலேயே, அதாவது இந்த மாளிகைக்குக் கடைக்கால் போடுவதற்கு முன்பே, பெஸ் அவற்றை வாங்கிவிட்டார். திரைகளின் உயரத்துக்கு மேலே சுவரைச் சுற்றி அகன்ற பட்டையாகச் சுதைச் சிற்பம் ஓடுகிறது: மரங்கள் அடர்ந்த காடு, மான்கள், வேட்டைக் காட்சிகள், நடுவே தன் தோழியரோடு அமர்ந்திருக்கும் டயானா. ஆப்ரஹாம் ஸ்மித் என்னும் சுதைக் கலைஞரின் கைவண்ணம் அது. வண்ணம் இன்று மங்கிவிட்டது. ஆயினும் அருகில் நின்று நோக்கினால் மரத்தண்டுகள் சுவரிலிருந்து புடைத்து நிற்பதையும், இலைக்கொத்துகளுக்கிடையே பழைய பச்சையும் பழுப்பும் ஒட்டியிருப்பதையும் காணலாம். கன்னித் தெய்வமான டயானா, கன்னி அரசியான முதலாம் எலிசபெத்துக்குச் செலுத்தப்பட்ட வணக்கம். கணப்பின் மேலே அரசியின் சின்னமும் இருக்கிறது. ஆனால் எலிசபெத் ஹார்ட்விக்குக்கு ஒருபோதும் வரவில்லை.

நெடுவிட்டம் எழுதியது:

மேல்மாடம் அவர்கள் சொன்னது எனக்குப் பெரிய திறப்பாக அமைந்தது. தாங்குசுவர்க் கட்டடத்தில் அடித்தளச் சுவர்தான் மேலே உள்ள அனைத்தின் பாரத்தையும் சுமக்கிறது. மேலே செல்லச் செல்ல பாரம் குறைகிறது. ஆகவே கீழே சிறிய திறப்பும் மேலே பெரிய திறப்பும் என்பது கட்டுமான நோக்கில் மிகச் சரியான வரிசை. இத்தாலிய முறையில் முதல் மாடியே தலைமைத் தளம்; அங்கே மிகப் பெரிய சாளரங்களை வைத்து, அதற்கு மேல் சிறியவற்றை வைப்பார்கள். ஹார்ட்விக்கில் தலைமைத் தளத்தை உச்சிக்கே கொண்டுபோனதால், பாரம் மிகக் குறைந்த இடத்தில் கண்ணாடி மிக அதிகமாக இருக்கிறது. இதை வடிவமைத்தவர் கல்லை நன்றாக அறிந்தவர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஏடுதேடி எழுதியது:

சற்று நிதானம் வேண்டும் என்று பணிவுடன் சொல்கிறேன். உச்சித் தளத்தில் பெருங்கூடங்களை வைப்பது ஹார்ட்விக்கில் தோன்றிய கருத்து அன்று. பெஸ்ஸின் நான்காம் கணவர் நாட்டிங்ஹாம்ஷயரில் கட்டிய ஒர்க்சாப் மாளிகையின் உச்சியிலேயே மிக நீண்ட கூடம் ஒன்று இருந்தது. 1761ஆம் ஆண்டில் தீப்பற்றி அழிந்துபோன மாளிகை அது. ஹார்ட்விக்கிலேயே, புதிய மாளிகைக்குச் சில நூறு அடி தள்ளி நிற்கும் பழைய ஹாலிலும் பெருங்கூடங்கள் உச்சியில்தான் இருந்தன. அவ்வாறு வைத்ததற்குக் காட்சியே முதற்காரணம். குன்றின் மேல் நிற்கும் வீட்டில் உச்சி மாடியிலிருந்துதான் நாட்டுப்புறம் முழுவதும் தெரியும். கட்டுமானப் பயன் அதற்குப் பொருந்தி வந்தது என்று சொல்லலாம். அதற்காகவே அப்படி அமைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து, "வடிவமைத்தவர்" என்ற சொல்லை இங்கே எல்லோரும் எளிதாகப் பயன்படுத்துகிறோம். ராபர்ட் ஸ்மித்ஸன் என்னும் கல்தச்சரின் பெயரே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர் இந்த மாளிகையின் வடிவத்துக்குப் பொறுப்பானவர் என்பதை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கின்றனர். ஹார்ட்விக்கின் தரைவரைவோடு நெருங்கிய உறவுடைய வரைபடம் ஒன்று ஸ்மித்ஸன் குடும்பத்தாரின் வரைபடத் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் ஹார்ட்விக்கின் கட்டுமானக் கணக்கேடுகள் விரிவாக எஞ்சியிருந்தும், அவற்றில் அவர் பெயர் மிக அரிதாகவே வருகிறது. அடிக்கடி வருபவர்கள் வேறு மனிதர்கள்: சுவரெழுப்பிய ரோட்ஸ் சகோதரர்கள், பளிங்கும் அலபாஸ்டர் என்னும் மென்கல்லும் செதுக்கிய தாமஸ் ஆக்கர்ஸ், சுதை வேலை செய்த ஆப்ரஹாம் ஸ்மித், "ஓவியர் ஜான்" என்றே அழைக்கப்பட்ட ஓவியர். கணக்குகளைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர் பெஸ். கல் அருகிலேயே வெட்டப்பட்டது. மரம் அவருடைய காடுகளிலிருந்து வந்தது. கண்ணாடிப் பட்டறையும் அவருக்குச் சொந்தமாக இருந்தது. வரைபடத்தை ஒருவரிடம் பெற்றுக்கொண்டு, அதை நிறைவேற்றும் பொறுப்பை வீட்டு உரிமையாளரும் கைவினைஞர்களும் ஏற்ற காலம் அது. ஒரே மூளையின் படைப்பாக இந்த மாளிகையைப் பார்ப்பது அக்கால நடைமுறைக்குப் பொருந்தாது.

கற்றளி எழுதியது:

கணக்கேடுகளைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்மித்ஸனின் பங்கைச் சுருக்கிவிடுவதற்கு உடன்பட மாட்டேன்.

அவர் கல்தச்சராகத் தொடங்கியவர். 1568ஆம் ஆண்டில் வில்ட்ஷயரின் லாங்லீட் மாளிகைக்கு வேலைக்குச் சென்றார். பின்னர் 1580 முதல் 1588 வரை நாட்டிங்ஹாமுக்கு அருகே சர் பிரான்சிஸ் வில்லபிக்காக வொல்லட்டன் ஹாலைக் கட்டினார். அங்கேயே குடியிருந்து 1614ஆம் ஆண்டில் இறந்தார். வொல்லட்டன் தேவாலயத்தில் உள்ள அவருடைய நினைவுக்கல் அவரை வொல்லட்டன் மாளிகையின் கட்டடக் கலைஞர் என்றே குறிப்பிடுகிறது. அதோடு வேறு பல பெரிய மாளிகைகளுக்கும் அவரே அவ்வாறு விளங்கினார் என்கிறது. இங்கிலாந்தில் ஒரு கல்தச்சரை அந்தச் சொல்லால் குறிப்பிட்டது அன்று மிக அரிது.

இப்போது இந்த மூன்று மாளிகைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். லாங்லீட்டில் சாளரங்கள் பெரிதாகி, வெளிநோக்கிய முகப்பு நான்கு பக்கமும் ஒழுங்கு பெறுகிறது. ஆனால் உள்ளே முற்றங்கள் இன்னும் இருக்கின்றன. வொல்லட்டனில் முற்றம் மறைந்து, அதன் இடத்தில் உயர்ந்த மையக்கூடம் எழும்புகிறது. ஆனால் சுவரெங்கும் தூண்களும் பட்டைகளும் மாடங்களும் மொய்த்துக் கிடக்கின்றன. ஹார்ட்விக்கில் அந்த அலங்காரம் ஏறத்தாழ முழுவதும் உதிர்ந்துவிடுகிறது. நேர்கோட்டுச் சுவர், சாளரக் கட்டங்கள், கோபுரங்கள், அவ்வளவுதான். ஒரே கருத்து மூன்று வீடுகளில் படிப்படியாகத் தெளிவதைக் காணும்போது, அதன் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்று நம்புவதற்கே இடமிருக்கிறது.

ஹார்ட்விக்கில் அலங்காரம் மிஞ்சியிருப்பது கோபுரங்களின் உச்சியில்தான். கைப்பிடிச்சுவரில் பெரிய கல்லெழுத்துகளாக "இ", "எஸ்" என்ற இரண்டும், மேலே சீமாட்டிக்குரிய மகுடமும் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கின்றன. எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்னும் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. இந்த ஒரு முடிவு பெஸ்ஸுடையது என்று ஏடுதேடி சொன்னால் மறுவார்த்தை பேசாமல் ஏற்றுக்கொள்வேன்.

ஏடுதேடி எழுதியது:

அலங்காரம் உதிர்ந்தது ஸ்மித்ஸனின் முதிர்ச்சியா, பெஸ்ஸின் சிக்கனமா, அல்லது சொந்தக் கற்சுரங்கத்தில் கிடைத்த மணற்கல்லின் தன்மையா என்பதை எப்படிப் பிரித்தறிவது? வொல்லட்டனில் பணம் கொடுத்தவர் வேறு விருப்பமுடையவர். அந்த மாளிகை அவர் விருப்பத்தைக் காட்டுகிறது. ஸ்மித்ஸனுக்கு உரிய இடத்தை நான் குறைக்கவில்லை. எழுபதை நெருங்கிய ஒரு பெண்மணி, பழைய ஹாலின் வேலை முடிவதற்குள்ளேயே புதியதைத் தொடங்கி, முந்தையதில் இயலாத சமச்சீர்மையை இதில் அடைந்தார் என்பதற்கும் உரிய இடம் வேண்டும் என்றே கேட்கிறேன்.

பழைய ஹால் சமச்சீரற்றது. 1587 முதல் பழைய குடும்ப வீட்டை அடிப்படையாக வைத்து ஒட்டி ஒட்டிக் கட்டியது அது. இன்று கூரையிழந்து இடிபாடாக நிற்கிறது. ஆயினும் அதன் உச்சித் தளச் சுவரில் சுதையாலான இரண்டு பேருருவங்கள் வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு இன்னும் இருக்கின்றன. இரண்டு வீடுகளும் ஒரே காலத்தில் பயன்பட்டன. புதியது ஒன்றையே பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள், அதைக் கட்டியவர் எதிலிருந்து விடுபட நினைத்தார் என்பதைக் காணாமலே போய்விடுகிறார்கள்.

தறிநூல் எழுதியது:

நான் துணிப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவள். கற்றளி முதலில் சொன்ன உள்சுவருக்கு என் துறையிலிருந்து ஒரு சான்று தருகிறேன்.

இரண்டாம் மாடியின் கிழக்குப் பக்கம் முழுவதையும் நெடுங்கூடம் எடுத்துக்கொள்கிறது. நீளம் ஏறத்தாழ 50 மீட்டர். எஞ்சியிருக்கும் எலிசபெத் காலக் கூடங்களில் நீளத்தில் சாமர்செட்டின் மான்டக்யூட் மட்டுமே இதை முந்துகிறது; உயரத்திலும் பரப்பிலும் இதற்கு நிகரானது இல்லை. ஒருபக்கம் முழுவதும் சாளரங்கள். மறுபக்கம் துளையே இல்லாத உள்சுவர். அந்த உள்சுவரில்தான் நீதி, கருணை ஆகிய உருவங்களைத் தாங்கிய இரண்டு கணப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் அந்தச் சுவரின் மீதுதான் விவிலியத்தில் வரும் கிடியன் கதையைச் சொல்லும் 13 நெய்சித்திரத் திரைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். பக்கத்துப் பக்கமாக வைத்தால் 70 மீட்டருக்கும் மேல் வரும். இத்தனை பெரிய துணிக்கு அத்தனை பெரிய வெற்றுச்சுவர் வேண்டும். புகைபோக்கியையும் கணப்பையும் ஏற்று, சாளரங்களை வெளிப்பக்கத்துக்கு விட்டுக்கொடுத்த அதே சுவர், திரைகளுக்கும் இடம் தந்தது.

இந்தத் திரைகள் எலிசபெத்தின் அமைச்சரான சர் கிறிஸ்டபர் ஹாட்டனுக்காக நெய்யப்பட்டவை. அவர் இறந்தபின் 1592இல் அவருடைய வாரிசிடமிருந்து பெஸ் அவற்றை ஏறத்தாழ 326 பவுண்டுக்கு வாங்கினார். ஹாட்டனின் குலச்சின்னங்கள் திரைகளில் நெய்யப்பட்டிருந்ததால், அவற்றை மாற்றும் செலவுக்காக 5 பவுண்டு குறைத்துக்கொண்டார். பிறகு அந்தச் சின்னங்களின் மீது தம் சின்னம் தீட்டிய துணித் துண்டுகளைத் தைத்து மூடினார். ஹாட்டனின் சின்னத்தில் பெண்மான் இருந்தது. பெஸ்ஸின் இரண்டாம் கணவர் வழியான கேவண்டிஷ் குடும்பச் சின்னத்தில் இருப்பதோ கொம்புள்ள கலைமான். ஆகவே பெண்மானுக்குக் கொம்பு சேர்க்கப்பட்டது. அந்த ஒட்டுகளை அருகில் பார்த்தால், நெய்த பகுதியின் நெருக்கமும் தீட்டிய பகுதியின் தட்டையான நிறமும் தனித்தனியே தெரியும்.

ஆனால் கட்டடக் கலைஞர்கள் கொண்டாடும் அந்தச் சாளரங்கள்தான் இந்தத் திரைகளுக்குப் பகை. நானூறு ஆண்டுகளாக வந்து விழுந்த வெளிச்சம் பட்டின் வலிமையைத் தின்றுவிட்டது. மஞ்சள் சாயம் முதலில் மங்கியதால் பச்சைப் புல்வெளிகள் நீலமாகிவிட்டன. 13 திரைகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, கழுவி, பின்துணி கொடுத்துத் தைத்து மீண்டும் மாட்டும் வேலை 24 ஆண்டுகள் நடந்து 2023இல்தான் நிறைவடைந்தது. இன்று சாளரங்களில் திரையிட்டு அறைகளை மங்கலாக வைத்திருப்பதைக் கண்டு வருத்தப்படும் பார்வையாளர்கள் உண்டு. மங்கலாக வைக்கவில்லையானால் பார்ப்பதற்குத் துணியே மிஞ்சாது என்பதை அவர்கள் தயவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதுவாசல் எழுதியது:

மிக அருமையான இழை. ஸ்காட்லாந்து அரசி மேரி சிறைவைக்கப்பட்ட அறை இங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்த அறை எந்தத் தளத்தில் இருக்கிறது?

ஏடுதேடி எழுதியது:

மேரி இந்த மாளிகையில் இருந்ததே இல்லை. ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில் அவர் 1569 முதல் பதினைந்து ஆண்டுகள் வேறு வேறு வீடுகளில் வைக்கப்பட்டிருந்தார் என்பது உண்மை. பெஸ்ஸும் மேரியும் ஒன்றாக அமர்ந்து பூத்தையல் செய்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் மேரியின் தலை வெட்டப்பட்டது 1587 பிப்ரவரியில். ஹார்ட்விக்கின் புதிய மாளிகை தொடங்கியது 1590இல். மேரியின் பெயரால் வழங்கும் அறை இங்கே இருக்கிறது. அந்தப் பெயர் பிற்காலத்தவர் வைத்தது.

மாளிகையோடு உண்மையான தொடர்புடையவர்களை அறிய விரும்பினால் இருவரைச் சொல்லலாம். பெஸ்ஸின் பேத்தி அராபெல்லா ஸ்டூவர்ட் இங்கே வாழ்ந்தார். அரியணைக்கு உரிமை கோரத் தக்க குருதியுறவு உடையவர் அவர் என்பதால் உச்சித் தளத்து அரச அறைகளுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் 1679இல் இங்கேதான் உயிர்நீத்தார்.

மேல்மாடம் எழுதியது:

மாளிகை இவ்வளவு மாறாமல் இருப்பதற்குக் காரணம் என்ன என்று சிலர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். பெஸ்ஸின் வழிவந்த டெவன்ஷயர் பிரபுக்கள் தங்கள் முதன்மை இருப்பிடமாகச் சாட்ஸ்வொர்த்தை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தலைமுறையின் புதுமை மோகமும் சாட்ஸ்வொர்த்துக்கே சென்றது. அங்கே பெஸ் கட்டிய வீடு அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஹார்ட்விக்கை இடித்துக் கட்டுவதற்கு யாருக்கும் தேவை எழவில்லை. குளிர்காலத்தில் அந்தக் கண்ணாடிச் சுவர்களுக்குள் வாழ்வது கடினம் என்பதும் உதவியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறாம் டெவன்ஷயர் பிரபு இந்த வீட்டின் பழைமையை விரும்பி, வேறு வீடுகளிலிருந்த திரைகளையும் பொருள்களையும் இங்கே கொண்டுவந்து நிறைத்தார். ஆகவே இன்று உள்ளே காணும் அனைத்தும் பெஸ் வைத்த இடத்தில் இருக்கின்றன என்று கொள்ளக் கூடாது. எது எங்கே இருந்தது என்பதற்கு 1601ஆம் ஆண்டின் பொருள் பட்டியல் கிடைத்திருப்பது நம் நல்லூழ்.

பத்தாம் பிரபு 1950இல் இறந்தபோது விதிக்கப்பட்ட மரண வரிக்கு ஈடாக மாளிகை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959இல் பழம்பெரும் இடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் பொறுப்பேற்றது. மணற்கல் அரிப்பதால் கல் மாற்றும் வேலை ஓய்வதே இல்லை.

நெடுவிட்டம் எழுதியது:

கடைசியாக ஒரு கேள்வி. ஹார்ட்விக்கின் நடுக்கூடம் முகப்புக்குச் செங்குத்தாக, வாசலிலிருந்து நேராகப் பின்புறம் நோக்கி ஓடுகிறதே, அது ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது?

கற்றளி எழுதியது:

இதை நான் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் வெளிச்சமச்சீருக்கு இதுவே திறவுகோல்.

பழைய ஆங்கில வீடுகளில் நடுக்கூடம் முகப்புக்கு இணையாகக் கிடக்கும். அதன் ஒரு முனையில் சமையலறைப் பக்கம், மறு முனையில் குடும்பத்தாரின் பக்கம். நுழைவாசல் சமையலறை முனையை ஒட்டி, ஒரு தடுப்புக்குப் பின்னால் திறக்கும். ஆகவே வாசல் எப்போதும் ஓரமாகவே அமைந்துவிடும்; முகப்பைச் சமச்சீராக்க நினைத்தவர்கள் இந்த ஒரு வாசலோடு பல தலைமுறைகள் போராடினார்கள். வொல்லட்டனில் ஸ்மித்ஸன் வாசலை நடுவில் வைத்துவிட்டு, வந்தவரைப் பக்கவாட்டில் சுற்றவைத்துக் கூடத்தின் முனைக்கு அழைத்துச் சென்றார். ஹார்ட்விக்கில் கூடத்தையே திருப்பிப் போட்டுவிட்டார். வாசல் நடுவில், அதற்கு நேர் எதிரே தூண்களோடு கூடிய தடுப்பு, அதற்கப்பால் இரண்டு தள உயரத்தில் கூடம். இடமும் வலமும் தாமாகவே சமமாகப் பிரிந்தன. 1570இல் வெனிஸில் வெளியான, இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் கட்டடக்கலை நூலில் நடுக்கூடம் வீட்டை ஊடறுத்துச் செல்லும் தரைவரைவுகள் உள்ளன. அங்கிருந்து வந்த கருத்து என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. ஆனால் பல்லாடியோவின் கூடம் இத்தாலிய வெயிலுக்குக் குளிர்ச்சி தேடியது. ஸ்மித்ஸனின் கூடம் ஓர் ஆங்கில வாசலை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தது.

இந்தக் கோடையில் செல்லவிருப்பதாகச் சில உறுப்பினர்கள் எழுதியிருந்தார்கள். அவர்கள் பிற்பகலில் செல்வது நல்லது. மேற்கு முகப்பில் வெயில் விழும் நேரம் அது. உள்ளே நுழையும் முன் மாளிகையைச் சுற்றி ஒரு முறை நடந்து, ஆறு கோபுரங்களும் ஒன்றையொன்று மறைத்தும் விலகியும் நிற்பதைப் பாருங்கள். பிறகு மேற்கு முகப்பின் ஒரு கோபுரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் சாளரங்களை மேலிருந்து கீழாகக் குறித்துக்கொண்டு உள்ளே செல்லுங்கள். அவற்றில் எவை அறைக்குள் திறக்கின்றன, எவற்றைத் தளம் குறுக்கே வெட்டுகிறது, எவற்றுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது என்று பார்த்துவந்து இங்கே எழுதினால், தரைவரைவோடு ஒப்பிட்டு இந்த இழையைத் தொடரலாம்.